நாற்றம்

துணி துவைக்கும் இயந்திரம் செத்துப்போனதும்
அதன் வயிற்றை உருவி
பின்வாசலில் வைத்தேன்.
சுற்றிலும் ஓட்டை. தண்ணீர் தேங்காது.
செரைப் புல்லுக்கு அதைவிட நல்ல தொட்டி
ஜெலுத்தோங் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பக்கத்தில் மைலோ டின்னில் புதினா.
பெயிண்ட் வாளியில் டாவுன் கெசும்.
உடைந்த ஐஸ் பெட்டியில் கொத்தமல்லி.
கறிவேப்பிலை மட்டும் தரையில்,
கால்வாய் ஓரம், தன் இஷ்டத்துக்கு.
மூன்று மணிக்குச் சந்துக்குள் நுழையும் வெயில்
கடன்காரன் மாதிரி ஆறு வரை நகராது.
புதினா தலையைத் தொங்கப்போடும்.
செரைக்குக் கொண்டாட்டம்.

எல்லாம் செழிப்புத்தான்.
எனக்குத்தான் ஒன்றும் மணக்காது.
காய்ச்சல் வந்து போய்ப் பதினேழு மாதம்.
போகிற போக்கில் அது
மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.
சமைத்து விற்கிறவள் நான்,
நாளைக்கு நாற்பத்தைந்து பொட்டலம்,
பெயர் வேறு பரிமளம்.
சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.
நான் சிரித்து முடித்துவிட்டேன்.

காதால் சமைக்கப் பழகினேன்.
கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்ததும் கத்தும்,
பிறகு முணுமுணுக்கும்.
முணுமுணுப்பு ஓய ஒரு மூச்சு இருக்கும்போது
வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும்.
புளி கொதித்ததைக் குமிழி சொல்லும்.
மல்லி அழுகியதை விரல் சொல்லும்.
மீன்தான் வாயைத் திறக்காது.
மீனுக்கு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம்.
சியூ ஹூன் மீனை முகர்ந்து
கட்டைவிரலைத் தூக்குவாள், இல்லை கவிழ்ப்பாள்.
கூலி, அவள் லக்சாவுக்கு ஒரு பிடி கெசும்.
ஒருநாள் கேட்டேன்:
இது எப்படி மணக்கும்? மறந்துவிட்டது.
கசக்கினாள். கண்ணை மூடினாள்.
தனக்குத் தெரிந்த மூன்று மொழியையும் துழாவிவிட்டு
"பச்சையாக" என்றாள்.
அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அய்மானுக்கு எட்டு வயது.
செரைத் தண்டை நசுக்கி நீட்டினேன்.
"கொசு மருந்து. அப்புறம் கொஞ்சம் சோடா."
அந்த வாரம் முழுவதும்
ரசத்தில் சோடாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்.
மழை எட்டிப்பார்த்து ஒன்பது நாள்.
காய்ந்த புதினாவைக் கிள்ளி எறிந்துவிட்டு
வியர்த்த மூக்கைக் கையால் துடைத்தேன்.

குப்பென்று மண்ணெண்ணெய்.

அடுப்பா? இந்த வீட்டில் கேஸ்தான்.
சந்தில் லாரியா? பூனைகூட இல்லை.
விரலை முகர்ந்தேன்.
விரல்தான்.
கெசும் கசக்கினேன்: கருகிய டயர்.
மல்லி: நனைந்த சாக்கு.
செரை: என்னவோ, பெயர் தெரியாத ஒன்று,
தொண்டை வரை குமட்டியது.
கறிவேப்பிலை இன்னும் பேசவில்லை.
கோபமாக இருக்கும்.
மறுபடி புதினாவிடம் ஓடினேன்.
மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய்.

நாற்றம் என்ற சொல்லுக்கு
ஒரு காலத்தில் நறுமணம் என்று பொருள்.
படிவம் மூன்றில் வாத்தியார் இதைச் சொன்னபோது
வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.
நானும்தான்.

சியூ ஹூன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்,
கையில் கெம்போங் மீன் ஒன்று வாலோடு தொங்க.
ஏன் அழுகிறாய்?
புதினா நாறுகிறது என்றேன்.
அவளும் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.
நன்றாகத்தானே இருக்கிறது?
இல்லை, நாறுகிறது,
வயிறு புரட்டுகிற மாதிரி நாறுகிறது என்று
அடுத்த இலையைக் கிள்ளினேன்.