நூற்று எண்பதாவது ஆடு

சாண்டியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
பதின்மூன்று மணி நேரம் என்றாள் டிக்கெட் தந்தவள்.
கிலோமீட்டர் எனக்குப் பிடிபடாது.
நான் கம்பளி கத்தரிக்கிறவன்.
ஓர் ஆட்டுக்கு மூன்று நிமிடம்;
ஆக, இருநூற்று அறுபது ஆடு.
அவ்வளவு தூரத்தில் கிடந்தான் தம்பி எலாடியோ.
கிஸ்போர்ன் பக்கத்துச் சரிவொன்றில்
நாற்சக்கர பைக் அவன்மேல் கவிழ்ந்திருந்தது.

ஞாயிறு இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு.
செவ்வாய் விடியுமுன் இறங்குவோம் என்றிருந்தது.
திங்களை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.
"கடலில் ஒரு கோடு இருக்கிறது" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்,
செர்ரி விற்கப் போகிறவர், பலமுறை தாண்டியவர்.
சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

திரையில் அந்தச் சின்ன விமானம்
நேரே மேற்கே போகாமல்
தெற்கே வளைந்து, பனிக்கடல் பக்கமாய் ஊர்ந்தது.
வளைவுதான் குறுக்குவழியாம்.
கண்ணை மூடி ஆட்டைப் பிடித்தேன்.
வயிறு, இடது தொடை, கழுத்து,
முதுகில் அந்த நீள வீச்சு,
தள்ளிவிடு, அடுத்தது.
நூற்று எண்பது வரை ஞாபகம்.
அப்புறம் ஆம்லெட்டா பழமா என்று யாரோ கேட்டார்கள்.

வெளிவாசலில் ஹினேராங்கி நின்றாள்,
அவன் வெட்டிப்போட்ட கம்பளியை
இரண்டு பருவமாய் வாரி அடுக்கியவள்.
கையில் அவன் தொப்பி.
"ராத்திரி பன்னிரண்டரைக்கு" என்றாள்.
விரல்விட்டுக் கழித்தேன்.
ஒன்பதாவது மணி.

அவளுக்கு அது செவ்வாய்.
கோய்ஹைக்கேயில் அம்மாவுக்குத் திங்கள் காலை எட்டரை,
கெண்டியை அடுப்பில் வைத்த நேரம்.
ஆகாயத்தில் இருந்தவனுக்குக் கிழமை ஏது?

வெள்ளி மாலை ஆறரைக்குத் திரும்பினோம்,
நான் மேலே, அவன் கீழே.
பின்காற்று. பதினொரு மணி நேரம்.
அதே தூரம்தான், நாற்பது ஆடு குறைவு.
சாண்டியாகோவில் இறங்கியபோது
அதே வெள்ளி, பகல் ஒன்றரை;
கிளம்புவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே
வந்து சேர்ந்திருந்தோம்.
பெட்டியை இறக்கும்வரை கணக்குப் போட்டேன்,
இப்படி ஐந்தைந்தாய்ச் சேர்த்தால்
எத்தனை தடவையில்
அந்தச் சரிவுக்கு முன்னால் போய் நிற்கலாமென்று.
நடக்காது.
போகும்போது ஒரு நாளை முழுசாய்ப் பிடுங்கிக்கொண்டுதான்
வரும்போது சில்லறை தருகிறார்கள்.

சிலுவை செதுக்கும் பெலார்மினோ
காதிலிருந்து பென்சிலை எடுத்து, என்ன தேதி என்றார்.
அம்மா ஒன்று சொல்லியிருந்தாள், ஹினேராங்கி ஒன்று.
நூற்று எண்பதாவது ஆடு என்று போடுங்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எழுத்துகளை எண்ணிப் பார்த்து,
இடைவெளிக்கும் சேர்த்து,
விலை சொன்னார்.