பயிர் மேய்ந்த வேலி

நான் வேலி போடுகிறவன்,
தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை.
வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுவேன்.
யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டனீடினில் ஒரு செங்குத்துத் தெரு.
டயருக்கு அடியில் செங்கல் கொடுத்தால்தான் வண்டி நிற்கும்.
பதினேழாம் எண்ணில் நெவில் ஹாடோ,
பத்தொன்பதில் லோசா டௌலாங்கி,
நடுவில் பலகை வேலி,
அதன்மேல் ஒரு விஸ்டீரியா.

நெவிலிடம் கோப்பு இருந்தது.
தேதி போட்ட புகைப்படங்கள்:
மார்ச்சில் ஒரு பலகை விலகியது,
மே மாதம் ஆணி பிதுங்கியது,
ஜூலையில் குறுக்குச் சட்டத்தைக் கொடி
வாய்க்குள் போட்டுக்கொண்டது.
(அது உண்மைதான். மரம் மரத்தைத் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.
அவசரமே இல்லாமல் தின்னும்.)
அந்த ஜூலைப் படத்தின் ஓரத்தில்
அவர் கால் விழுந்திருக்கிறது,
உறைபனியில், செருப்பில்லாமல்.

லோசாவிடம் கோப்பு இல்லை.
"வேலிக்கு முன்னாலேயே கொடி இருக்கிறது.
இந்த ஊரில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது,
பூவெல்லாம் அவர் பக்கம் போய்விடுகிறது.
வருஷம் முழுக்க நான் முதுகைத்தான் பார்க்கிறேன்.
வழக்கு யார் போட வேண்டும்?"

இரண்டு பேரும் பேசியது என்னோடுதான்.
கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு
"அவரிடம் சொல்லுங்கள்"
"அவளிடம் சொல்லுங்கள்."
இருந்த போஸ்ட்டுகள் போதாதென்று
என்னையும் ஒன்றாக நட்டுவிட்டார்கள்.

சேற்றில் முட்டி போட்டேன்.
முதல் போஸ்ட்டின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்,
கேக்கில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.
இரண்டாவதும் அப்படியே.
பதினொன்றும் அப்படியே.
முப்பது வருஷ ஈரக் களிமண் செய்த வேலை,
கொடி செய்ததில்லை.
மண்ணுக்குக் கீழே வேலியே கிடையாது.

எழுந்து உலுக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.
என் முழங்கை கனத்துக்குத் தண்டு
ஒவ்வொரு போஸ்ட்டையும் சுற்றி, இறுக்கி,
குடித்தவனைத் தோளில் போட்டு
வீட்டுக்குக் கூட்டிப்போகிறவன் மாதிரி
நிறுத்தி வைத்திருக்கிறது.
போகிற வழியில் நாலு இடத்தில் இடித்திருக்கிறது,
இல்லையென்று சொல்லவில்லை.

சொன்னேன்.

கடல் பக்கம் ஒரு காகக் கூட்டம்கூட இல்லை, அவ்வளவு அமைதி.
"வெட்டினால்?" என்றார் நெவில்.
அடுத்த தெற்குக் காற்றுக்கு விழும்.
"வெட்டாவிட்டால்?" என்றாள் லோசா.
அதுவும் விழும். எப்போது என்று கொடிக்குத்தான் தெரியும்.
நெவில் கோப்பை மூடினார்.
மழைக்காகவும் இருக்கலாம், தூறல் போட்டது.

செப்டம்பரில் இரண்டு விலைப்புள்ளி எழுதிக் கொடுத்தேன்,
கொடியோடு ஒன்று, கொடியில்லாமல் ஒன்று.
யாரும் கூப்பிடவில்லை.

நவம்பரில் வேறு வேலையாக அந்த வழி போனேன்.
பூ ஊதாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் பக்கம்தான்.
விலகிய பலகையைத் தண்டோடு சேர்த்து
நீல நைலான் கயிறு கட்டியிருந்தது.
மேல் முனையில் படகுக்காரன் போடுகிற சுத்தமான முடிச்சு.
கீழ் முனையில்
முடிச்சின்மேல் முடிச்சின்மேல் முடிச்சு.
யாருடையது எது என்று
வண்டியை நிறுத்திக் கேட்கவில்லை.
அந்தத் தெருவில் நிறுத்த
செங்கல் தேட வேண்டும்.

விலை டிசம்பர் வரை செல்லும்.