வாலில் எண்

லீ பஜாரில் அரிசி மண்டி எனக்கு.
மூட்டைக்கு இத்தனை ஓட்டை என்று
எலியைக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

மருந்தியல் கல்லூரியில் கூண்டு கழுவும் செபஸ்தியான்
செருப்புப் பெட்டியோடு வந்தான்.
"சோதனை முடிஞ்சது.
நாளைக்கு இதுங்களையும் முடிச்சிருவாங்க.
ஒத்தையா வச்சா ஏங்கிரும், ரெண்டையும் எடுத்துக்க."
வாலில் மார்க்கர் எழுத்து: 14, 15.

மை பத்து நாளில் போயிற்று.
பேர் போகவில்லை.

பதினஞ்சுக்கு ஒருநாள் கண்ணோரம் சிவப்பு.
ரத்தம் என்று பதறி
கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.
சீட்டில் மாடு, ஆடு, கோழி, நாய்.
பேனா கொஞ்சம் நின்று
'இதர' என்று எழுதியது.
ரத்தமில்லையாம். உடம்புக்கு முடியாவிட்டால்
எலிக்குக் கண்ணீரே அந்த நிறமாம்.

தட்டுவடை செட்டில்
காரச் சட்னி படாத பீட்ரூட் துருவலைப்
பொறுக்கி வைப்பேன்.
தின்றுவிட்டுத் தோளேறிப்
பல்லைப் பல்லில் நறநறவென அரைக்கும்.
அது கோபமில்லை என்று புரிய
எனக்கு ஒரு மாதம் ஆனது.

நேற்று மண்டிப் பொறியில் ஒன்று, சாம்பல் நிறம்.
வழக்கம்போல் வாளித் தண்ணீர்.
சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

ராத்திரி கூண்டைத் திறந்தேன்.
பதினஞ்சு வந்தது.
பதினாலு என் விரலை
நுனியிலிருந்து மணிக்கட்டு வரை மோந்தது,
சட்டைக் கையின் மடிப்பையும் மோந்தது,
திரும்பிப் போய்
பழைய லுங்கித் துணிக்குள் படுத்துக்கொண்டது.

இரண்டு வருடம்தான் ஆயுசாம் இவற்றுக்கு.
இதில் ஒரு ராத்திரி என்பது
எத்தனை மாதம் என்று
கணக்குப் போட்டபடி
கையைக் கூண்டுக்குள்ளேயே
வைத்திருந்தேன்.