அரை அங்குலம்

நாலு அங்குலம், என்றார் டொக்டர் சதாகரன்,
தொடையின் முன்பக்கம், சின்னக் கீறல்.
ஒரு பொக்கெட் வாய், என்றேன்.
சிரித்தார். அவர் சேட்டின் மூன்றாம் பொத்தான்
வேறு நிற நூலில் தொங்கியது.
அதை நான் சொல்லவில்லை.

மறுகா ஒரு கடதாசியில் வரைந்து காட்டினார்:
இந்தத் தசைக்கும் அந்தத் தசைக்கும் நடுவே
ஒரு வழி கிடக்கு அம்மா,
வெட்ட மாட்டம், விலக்குவம்.
அப்போதுதான் பயம் விட்டது.
மருதமுனையில் முப்பது வருஷமாய்
என் வேலையும் அதுதான்:
துணியில் கை வைக்காமல் தையலைப் பிரிப்பது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக
விழித்தபடி கிடந்தேன்.
பச்சைத் திரைக்கு அப்பால் சுத்தியல் சத்தம்.
தையல்காரரை நம்பி வந்தவளுக்கு
உள்ளே ஒரு தச்சன்.
கலிமாவை மூன்று தரம் சொல்லி
நாலாந்தரம் நடுவில் அறுந்து
நஸ்மியாவின் கலியாணச் சட்டை நினைவுக்கு வந்தது,
இன்னும் கை பூட்டவில்லை.

பின்னேரமே எழுப்பி நிறுத்தினார்கள்.
ஊன்றுங்க அன்ரி, உங்கட கால்தானே, என்றாள்
வாகரைப் பக்கத்து பிசியோப் பிள்ளை.
ஊன்றினேன். பழைய நோ இல்லை.
புதிதாய் ஒன்று,
தெரியாத ஆள் செருப்போடு
வீட்டுக்குள் நடப்பது மாதிரி.

கல்லடிப் பாலம் தாண்டி வேன் தெற்கே திரும்ப
ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்தேன்,
பழக்கத்தில்.

ஆறாம் கிழமை, பொல்லில்லாமல்
கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.
அபாயாவின் இடது கரை
அரை அங்குலம் மேலே தூக்கி நின்றது.

பதினொரு வருஷம்.
இடக்கால் கட்டையாகிக் கட்டையாகி
கரை மண்ணில் இழுபட
அந்தப் பக்கம் மட்டும் கூட மடித்துத் தைத்தேன்,
ஒவ்வொன்றிலும், இரவில்,
மகனுக்கும் சொல்லாமல்.
அளவு கொடுக்க வந்தவர்கள் சொல்வார்கள்,
உங்கட உடுப்பு மட்டும் என்ன நேராய் விழுது!

இப்போது கால் நேர்.
உடுப்பெல்லாம் கோணல்.

கட்டிலில் குந்தி பிளேட்டை எடுத்தேன்.
ஆறு அபாயா, நாலு பாவாடை.
ஆகப் பழையதைத்தான் முதலில் பிரித்தேன்.
மடிப்புக்குள் அரை அங்குலக் கறுப்பு,
வாங்கிய அன்று போல,
வெயில் ஒரு நாளும் பார்க்காதது.