மிஞ்சின பெட்டி

மல்லாவியில் கேட்டால்
பிள்ளை கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என்கிறார்கள்.
கிளிநொச்சியில் கேட்டால் மல்லாவியில்.
இடையில், அக்கராயன் றோட்டில் எங்கோ
வாய்க்குள் பிளேட் துண்டோடு
மூன்று நாளாய்ப் போய்க்கொண்டிருக்கிறது
பெயரில்லாத ஒரு பிள்ளை.

வொய்ஸ் மெசேஜில் அழுகிறவளை
எனக்கு ஐந்து பேர் அனுப்பினார்கள்.
அவளுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவுகிறது.
அது எந்த ஊர்ச் சேவல் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

யோகமலர் பிரித்த பக்கற்றைத் திருப்பித் தந்தார்.
இரண்டு குறைந்திருந்தது.
"அது நான் திண்டது. காசைத் தாங்கோ."
கொடுத்தேன்.

பி.எச்.ஐ. வந்து ஏழு பக்கற் உடைத்தார்.
ஒன்றுமில்லை என்று எழுதிக் கதவில் ஒட்டினார்.
"ஒண்டுமில்லாட்டி ஏன் ஒட்டுவான்?"

தவராசா அண்ணை
ஒரு கிறீம் பிஸ்கட்டை வெயிலில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
அவர் தோளுக்குள் செல் துண்டு இருக்கிறது,
மழைக்கு முதல் நாள் அதுதான் அவருக்குச் சொல்லும்.
நான் சிரிக்கவில்லை.
இரும்பு உள்ளே வருகிற விதம்
என்னைவிட அவருக்குத் தெரியும்.

இரவு கடையைப் பூட்டி
மிஞ்சின பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.
சின்னவள் கை நீட்டினாள்.
பகல் முழுக்கப் பொய், பொய் என்று சொன்ன வாயால்
"பொறு" என்றேன்.
ரோச் அடித்து
இரண்டாய்ப் பிரித்து
கிறீமை விரலால் தடவி
முதல் பாதியை நான் தின்றேன்.

பிறகு
மற்றதையும்.