உபயம்

முத்துக்கடை சிக்னலில் கட்டப்
பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார் சவரிராயலு.
மங்கள வார்த்தைத் திருநாளுக்கு
இன்னும் மூன்று நாள்.
பென்டிரைவில் ஒரே ஒரு படம்,
ஐந்நூறு வருடத்துக்கு முன்
இத்தாலியில் யாரோ வரைந்தது.

இடப்பக்கம் சம்மனசு,
இறங்கின வேகம் இன்னும் அடங்காத இறக்கை.
வலப்பக்கம் அவள்,
படித்த இடத்தில் வலக்கை விரலை வைத்துவிட்டு
நிமிர்கிறாள்.
நடுவில் ஒரு தூண்.

"அந்தக் கம்பத்த எடுத்துடும்மா,
ரெண்டு பேரும் கிட்ட வரட்டும்.
எவ்ளோ இடம் சும்மா கிடக்குது பாரு."

எடுத்துப் பார்த்தேன். ஒட்டிப் பார்த்தேன்.
லீலிப்பூ அவள் கன்னத்தில் இடித்தது.
வானத்துச் சேதியோடு வந்தவன்
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மாதிரி ஆகிவிட்டான்.
கண்ட்ரோல் இசட்.

தரைக் கற்களின் கோடுகளை
மவுஸால் நீட்டிக்கொண்டே போனேன்.
அவளிடம் போய் முடியும் என்று நினைத்தேன்.
போகவில்லை. அவனிடமும் இல்லை.
தூணை ஒட்டி, வெகு தூரத்தில், நகமளவு
மூடின கதவு.
அத்தனை கோடும் அங்கேதான் கூடுகிறது.

மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் படம் கிடையாது.
ஆனாலும் இவளை எனக்குத் தெரியும். மர்யம்.
திரைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தவள்.
இவன் ஜிப்ரீல்.
அவள் முதலில் பயந்தாள் என்பதுதான்
ஓதிய நாளிலிருந்து எனக்குள் நிற்கிறது.
வரைந்தவனுக்கும் அது தெரிந்திருக்கிறது:
அவள் இடக்கை மட்டும்
இன்னும் சம்மதிக்கவில்லை.

மேலங்கி நீலம்
அந்தக் காலத்தில் பொன்னைவிட விலையாம்,
கல்லை அரைத்து எடுத்ததாம்.
எனக்குத் தெரிந்த நீலம் வேறு.
சிப்காட் ஷெட்டில் குரோம் பீப்பாயிலிருந்து
ஈரத்தோடு இழுத்து அடுக்கின தோல்.
அத்தாவின் கைமடிப்பில் ஒட்டி
தினமும் கொஞ்சம் வீட்டுக்கு வந்தது,
விலையில்லாமல்.

"நம்ம போட்டோ எங்கம்மா?"
வெள்ளைச் சட்டை, கூப்பிய கை.
உபயம்: ஆ. சவரிராயலு, தோல் மண்டி.
எனக்குச் சிரிப்பு.
மூலப்படத்திலேயே இருக்கிறார் ஒருவர்,
கீழ் மூலையில் முழங்கால் போட்டு,
காசு கொடுத்த வியாபாரி,
பட்டுக் கழுத்துப்பட்டை, கட்டைவிரல் உயரம்.
"உங்களுக்கு முன்னாடியே ஆள் இருக்காருங்க."
கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"அவர் சைஸுக்கே என்னையும் போடு.
பேர் மட்டும் பெருசா."

பங்குனி வெயிலில் கட்டினான் தேசிங்கு.
காற்று கிழிக்காமலிருக்க
பிளேடால் பிறை பிறையாக வெட்டுவான்,
முகத்தில் மட்டும் வைக்கமாட்டான்.
இதில் முகமே நாலு. அப்புறம் புறா. பெரிய பேர்.
சும்மா கிடந்த இடம் நடுதான்.
தூணில் மூன்று வெட்டு,
கதவில் ஒன்று.

பாக்கி ஐந்நூறு இன்னும் வரவில்லை.
அதைக் கேட்கத்தான் அந்தப் பக்கம் போனேன்.
பாலாற்று மணலைத் தூக்கிக்கொண்டு
சாயங்காலக் காற்று வந்தது.
ஃபிளெக்ஸ் உப்பி, அடங்கி, உப்பியது.
தூரத்துக் கதவு
மெல்லத் திறந்தது;
உள்ளே
பரோட்டாக் கடை டியூப்லைட்,
யாரோ கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.