பெட்டி எண் நாற்பத்தொன்று

நகராட்சி சுகாதாரப் பிரிவு, வால்பரைசோ.
நீங்கள் கேட்ட விளக்கம் இது.
படிவத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் மீன்தலை கொட்டும் இடத்திலிருந்து
நூற்றுப் பன்னிரண்டு படி மேலே,
இரண்டு தகரச்சுவர் வீடுகளின் இடுக்கில்
மார்ச் மாதம் பெட்டியை வைத்தேன்.
கறுப்பு பிளாஸ்டிக். பூட்டு. உள்ளே நீலநிற விஷக்கட்டி.

முதல் பத்து நாள் ஓர் எலியும் அண்டவில்லை.
புதுப்பொருள் என்றால் அவற்றுக்கு அப்படியொரு சந்தேகம்.
புதுசு என்றாலே வரிசையில் நிற்கும் நமக்கு
அது புரியக் கொஞ்சம் நாளாகும்.

பதினோராம் நாள் ஒன்று வந்தது.
ஓரத்தைச் சுரண்டியது, நகக்கண் அளவு.
ஐந்து நாள் கழித்து
ரொசேந்தா அம்மாளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்தது.
நாற்றம் வந்த பிறகே கண்டுபிடித்தோம்.
கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

ஒன்று போனால் அதன் பங்கு மிச்சம்.
மிஞ்சியவற்றின் வயிறு நிறைகிறது,
நிறைந்த வயிறு குட்டி போடுகிறது.
இருபத்திரண்டு நாள் போதும் அவற்றுக்கு.
நம் அலுவலகத்தில் ஒரு டெண்டர் உறை பிரிக்க
நாற்பது நாள்.

ரொசேந்தா அம்மாள் தெருநாய்களுக்கு
ரொட்டியை நனைத்து வாசலில் வைக்கிறார்.
வைக்காதீர்கள் என்றேன்.
"நாய் பட்டினி கிடக்கட்டுமா?" என்றார்.
அதற்கான பதில் நமது துண்டறிக்கையில் இல்லை.
குப்பை வண்டி செவ்வாயும் வெள்ளியும், வந்தால்.
மற்ற நாளெல்லாம்
இந்த மலையே ஒரு சாப்பாட்டுத் தட்டு.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள்.
போன வருஷம் நாம் நிஜமாகவே கெல்லினோம்,
புதுச் சாக்கடைக் குழாய்க்காக.
எலி பிடிபடவில்லை.
துறைமுகத்திலிருந்து மேலே வர
மழை நனையாத பாதை ஒன்று கிடைத்தது அவற்றுக்கு.

இனி, பெட்டிக்கு வருகிறேன்.

ஜூனில் தொடங்கிய மழை விடவே இல்லை.
போன செவ்வாய் மாலை பூட்டைத் திறந்தேன்.
விஷக்கட்டி மூலையில் தள்ளிக் கிடந்தது
வாடகை வீட்டில் முந்தைய குடித்தனக்காரர்
விட்டுப்போன நாற்காலி மாதிரி.
நடுவே ஒரு மெத்தை:
பஸ் டிக்கெட், கம்பளி நூல், மெத்தைப் பஞ்சு,
அதோடு, மூடியின் உள்பக்கம் நான் ஒட்டியிருந்த
ஆய்வுச் சீட்டு. துண்டு துண்டாக.
என் கையெழுத்தின் பாதியை அடையாளம் கண்டேன்.

அதன்மேல் ஏழு குட்டிகள்.
ரோஜா நிறம், கண் திறக்கவில்லை,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி.

நனையாத இடம்.
பூனை நுழைய முடியாத வாசல்.
எலி வளையானாலும் தனி வளை வேண்டும்,
நாம் தந்தது பூட்டோடு,
அரசாங்கச் செலவில்.

தாய் இல்லை.
சற்றுமுன்வரை இருந்திருக்க வேண்டும், மெத்தை சூடாக இருந்தது.
இருபத்தாறு வருஷமாகச் செவ்வாய் மாலை வருகிறேன்.
என் பூட்ஸ் சத்தம் இந்தப் படிகளில்
யாருக்குத்தான் தெரியாது.

மூடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.
மழை என் கழுத்துக்குள் இறங்கியது.
பிறகு என்ன செய்தேன் என்று
படிவம் கேட்கவில்லை.

அது கேட்பது ஒன்றுதான். பெட்டியின் நிலை:
தின்றது, தின்னவில்லை, சேதம்.
மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டுமாம்.
நான் மூன்றையும் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
குடியிருப்பு.

இப்படிக்கு,
நிபால்தோ குரிகேயோ, களப்பணியாளர்.
பி.கு. புதுப் பெட்டிகள் இன்னும் இருபது கேட்டிருந்தேன்.
இப்போதைக்கு வேண்டாம்.